திரும்பாத முதலும் திருப்பாம்புரத்துச் சாசனமும்: டேவிட் கிரேபரின் கடன் சரித்திரம் குறித்து ஒரு விசாரணை

மானுடவியலாளர் டேவிட் கிரேபர் 2011இல் வெளியிட்ட ‘கடன்: முதல் 5,000 ஆண்டுகள்’ என்னும் நூல், பண்டமாற்று முதலில் தோன்றியது, நாணயம் அதன்பின் வந்தது, கடன் கடைசியில் பிறந்தது என்று பொருளாதார நூலார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வரிசைக்குச் சரித்திர ஆதாரம் இல்லை என்பதை நிலைநாட்டிய பெருநூலாகும். அந்த நிலைநாட்டலை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாணயம் புழங்குவதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மெசொப்பொத்தேமியக் கோயில்களில் கடன் கணக்கு எழுதப்பட்டது என்பதும், கடனாளியைக் குற்றவாளியாகக் காணும் தர்மபுத்தி எங்கும் எப்போதும் ஒன்றாய் இருந்ததில்லை என்பதும் அவர் உழைத்துத் தேடித் தந்த உண்மைகள். நான் மறுக்க முற்படுவது, இடைக்கால இந்தியாவைப் பற்றி அவர் செய்த ஒரு நிர்ணயத்தையும், அந்த நிர்ணயத்துக்கு அடியில் கிடக்கும் ‘கடனே மனிதனை அடிமையாக்குகிறது’ என்ற பொது விதியையும் ஆகும்.

கல்கத்தாவின் தென்பகுதியில், லேக் கார்டன்ஸில், தமிழரும் வங்காளியருமாகச் சிலர் கூடி அந்நூலை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து வந்தபோது எழுந்த விவாதத்தில் இவ்விசாரணையின் கரு தோன்றியது. வங்காள நண்பர்கள் 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை மனத்தில் கொண்டு வாதித்தார்கள். நான் சோழர் காலத்துச் சாசனங்களை மனத்தில் கொண்டு வாதித்தேன். எழுநூற்றைம்பது ஆண்டு இடைவெளியுள்ள அவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்குகின்றன என்பது பின்னரே எனக்குப் புலப்பட்டது. தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையவர்களின் சொந்த நூற்றொகுதியைத் தன்பால் கொண்டிருக்கும் தேசிய நூலகம் எங்கள் பகுதிக்கு அணித்தாக அலிப்பூரிலேயே இருப்பது, இத்தகைய விவாதத்தை வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவிய பெரும்பேறு.

கிரேபரின் கருத்தை முதலில் அவருக்கு நியாயம் செய்யும் வகையில் எடுத்துச் சொல்லவேண்டும். அவர் உலக சரித்திரத்தைப் பொன் வெள்ளி நாணயங்கள் ஆதிக்கம் செலுத்திய காலங்கள் என்றும், கணக்கிலும் நம்பிக்கையிலும் நிற்கும் கடன் ஆதிக்கம் செலுத்திய காலங்கள் என்றும் மாறிமாறி வருவனவாகப் பகுக்கிறார். கி.மு. 800 முதல் கி.பி. 600 வரையுள்ள காலம் நாணயமும் கூலிப்படையும் அடிமை வாணிகமும் ஒன்றையொன்று வளர்த்த காலம். 600 முதல் 1450 வரையுள்ள இடைக்காலம் பேரரசுகள் தளர்ந்து, நாணயம் கோயில்களிலும் மடங்களிலும் சென்று ஒடுங்கி, மதம் கடனின் கொடுமைக்கு வரம்பு கட்டிய காலம். இஸ்லாமிய உலகம் வட்டியை விலக்கிற்று. கிறிஸ்தவ ஐரோப்பா வட்டியைப் பாபம் என்றது. சீனம் பௌத்த மடங்களின் வற்றாத நிதிகளைக் கண்டு, பின் அவற்றைக் கட்டுப்படுத்திற்று. இந்தியாவோ, அவர் கருத்துப்படி, ஏற்றத்தாழ்வின் அடுக்குக்குள் அடைக்கலம் புகுந்தது. கடன் என்பது சமமாயிருக்கத் தக்க இருவர் தம்முள் செய்துகொண்ட பரிவர்த்தனை இன்னும் நிறைவுறாமல் நிற்கும் நிலை. நிறைவுறும் வரையில் ஒருவர் தாழ்ந்து நிற்கிறார், நிறைவுற்றதும் இருவரும் மீண்டும் சமமாகிறார்கள். அந்தத் தாற்காலிகத் தாழ்வு என்றைக்குமாக உறைந்துவிட்டால் அது கடன் என்ற இயல்பை இழந்து, வழக்கமும் சாதிக் கடமையுமாக மாறிவிடுகிறது. இடைக்கால இந்தியக் கிராமத்தில் நடந்தது இதுவே என்பது அவர் முடிவு. குப்தருக்குப் பின் நாணயம் அருகியது என்றும், அதனால் நிலமானிய அமைப்பு வேரூன்றியது என்றும் ஆர். எஸ். சர்மா 1965இல் ‘இந்திய நிலமானியம்’ என்னும் நூலில் முன்வைத்த வாதத்தோடு இது பெரிதும் ஒத்துச் செல்கிறது. அந்த வாதத்தை வட இந்திய நாணயங்களைக் கொண்டே ஜான் டெயெல் 1990இல் அசைத்துப் பார்த்திருக்கிறார் என்பதை இங்கு நினைவூட்டினால் போதும்.

இவ்வளவு விரிந்த சித்திரத்தில் தமிழ்நாட்டை வைத்துப் பார்க்கையில் இரண்டு இடங்களில் அது பொருந்தவில்லை. ஒன்று, சோழர் காலத்து ஊர்ச்சபைகள் கோயில்களிடம் பட்ட கடனின் தன்மை. மற்றொன்று, அதே கோயில்களிடம் சில மனிதர்கள் தம்மைத்தாமே விற்றுக்கொண்ட காரணம்.

முதலாவதன் மூலத்தைத் தேடினால் நாசிக் குகைக்குப் போகவேண்டும். க்ஷத்ரப மன்னன் நகபாணனின் மருமகன் உஷவதாதன், கோவர்த்தனத்து நெசவாளர் சிரேணிகளிடம் (தொழிற்குழுக்களிடம்) 3,000 கார்ஷாபணம் வைப்பு வைத்தான். அதில் 2,000 மாதம் நூற்றுக்கு 1 வீதமும், 1,000 மாதம் நூற்றுக்கு முக்கால் வீதமும் வட்டி தரவேண்டும். அவ்வட்டி குகையில் மழைக்காலம் தங்கும் பிக்ஷுக்களின் சீவரத்துக்கும் பிற தேவைகளுக்கும் உரியது. அந்த முதல் திருப்பித் தரப்படவேண்டுவதன்று, அதன் வட்டியே துய்க்கத்தக்கது என்று அக்கல்வெட்டே ஐயத்துக்கு இடமின்றி விதித்துவிடுகிறது. இதன் காலம் இன்னும் தீர்ந்தபாடில்லை. நகபாணனின் ஆண்டுகளான 41 முதல் 46 வரையிலானவற்றைச் சக ஆண்டு எனக் கொண்டால் அவை கி.பி. 119 முதல் 124 வரை வருகின்றன. அவை வேறொரு கணக்கினவை எனக் கொள்வோர் அவனை முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கே முன்தள்ளுகிறார்கள். எரித்திரையக் கடற்பயண நூலின் காலமும் இதனோடு பிணைந்து கிடப்பதால் இரு தரப்பாரும் தத்தம் சான்றையே அளவுகோலாக்கிக் கொள்கிறார்கள். நம் விஷயத்துக்கு ஐம்பது அறுபது ஆண்டு முன்பின்னாவது பெரிதன்று. திரும்பக் கேட்கப்படாத முதல் என்ற ஏற்பாடு, கிரேபரின் பகுப்பில் நாணய யுகத்தின் நட்டநடுவே, தெளிந்த சட்ட உருவத்தோடு இருந்தது என்பதே பெரிது. அது இடைக்காலத்தின் குழந்தை அன்று.

ஒன்பது நூற்றாண்டுகள் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் அதே ஏற்பாட்டைக் காண்கிறோம். முதலாம் ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் அதிகாரிகளும் கோயில் திருமேனிகளுக்காக அளித்த காசுகளை ஊர்ச்சபைகள் கைக்கொண்டு, சந்திராதித்தர் உள்ளளவும் ஆண்டுதோறும் பொலிசை, அதாவது வட்டி, செலுத்துவதாக ஒப்பின. பொலிசை காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. நெல்லாகச் செலுத்தும் ஊர்களுக்குக் காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல். இவ்விரண்டும் ஒரே வீதமா என்பதைச் சோதிக்க வழி உண்டு. அக்காலத்துத் தஞ்சைச் சாசனங்கள் காட்டும் விலை காசுக்கு இரு கலம் நெல். கலம் ஒன்றுக்குக் குறுணி 12. ஆகவே காசு ஒன்று 24 குறுணி. அதில் எட்டில் ஒரு பங்கு சரியாக 3 குறுணி. நூற்றுக்கு 12½ என்ற வீதம் பொன்னிலும் நெல்லிலும் பிசகின்றி ஒத்து நிற்கிறது. விளக்குக்கு விட்ட கால்நடைகளிலும் இதே கணித ஒழுங்கைக் காணலாம்: ஒரு திருவிளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க 96 ஆடு, அன்றேல் 48 பசு, அன்றேல் 16 எருமை. சாவா மூவாப் பேராடு என்று வழங்கிய அந்த மந்தையில் ஆடுகள் செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாது. இடையன் அவற்றின் ஈட்டைக்கொண்டு முதலை நிரப்பி வருவான்.

வழக்கத்தில் உறைந்து கணக்கை மறந்துவிட்ட உறவு என்று இதை எப்படிச் சொல்வது? கிரேபர் தரப்பிலிருந்து இதற்கு ஒரு பதில் சொல்லக்கூடும். காசு என்பது இச்சாசனங்களில் வெறும் கணக்கலகாக இருந்திருக்கலாம். உண்மையில் கைமாறியது நெல்லும் நெய்யுமே. ஆகவே இதுவும் நாணயமற்ற கடன் யுகத்தின் சான்றே. இவ்வாட்சேபத்தை எளிதில் ஒதுக்க முடியாது. எந்தச் சபையின் கையில் எத்தனை உலோகக் காசு விழுந்தது என்பதைக் கல்வெட்டைக் கொண்டு மெய்ப்பிக்க இயலாது. ஆயினும், 1946இல் கோதாவரிக் கரையில் தவளேஸ்வரத்தில் வெளிப்பட்ட சோழர் பொற்காசுப் புதையலும், பெரிய கோயில் அணிகலன்களை மஞ்சாடியின் பின்னம் வரை நிறுத்து எழுதிய கைகளின் துல்லியமும், ராஜராஜன் தன் 24ஆம் ஆட்சியாண்டில், ஈராண்டு முற்றும் வரி செலுத்தாதார் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம் என்று இட்ட ஆணை உக்கலில் பொறிக்கப்பட்டிருப்பதும், உலோகமும் தவணையும் தவறியவனுக்குத் தண்டமும் புழங்கிய ஒரு நாட்டையே காட்டுகின்றன. அந்த ஆணை வரிப்பாக்கியைப் பற்றியது, கோயில் முதலைப் பற்றியதன்று என்பதை மறக்கவில்லை. கெடு தவறுவது நிலம் போகும் குற்றம் என்ற உணர்வு ஊர்களுக்குப் பழகியிருந்தது என்பதற்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்கிறேன்.

தர்மசாஸ்திரங்களைக் கொண்டு இக்கடனை விளக்குவதும் முழுதும் செல்லாது. வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்ற விதியைக் கிரேபர் இந்தியக் கடனின் தனிச்சிறப்பாக எடுத்துக் காட்டுகிறார். 12½ வீதத்தில் எட்டே ஆண்டுகளில் பொலிசை முதலைத் தொட்டுவிடும். சந்திராதித்தர் உள்ளளவும் தருவதென்றால் அவ்விதி எங்கே போயிற்று? மனு அவ்வரம்பை ஒரே முறையில் வாங்கும் வட்டிக்குத்தான் விதிக்கிறார். ஆண்டுதோறும் கொடுத்துத் தீர்க்கும் வட்டி அதற்குள் அடங்காது. வர்ணத்துக்கு ஏற்ப மாதம் நூற்றுக்கு 2, 3, 4, 5 என்று அவர் வகுத்த வட்டி ஏற்றமும் தஞ்சைக் கல்லில் இல்லை. பிரமதேயச் சபைக்கும் பிற ஊராருக்கும் காசு ஒன்றுக்கு அதே அரைக்கால், அதே முக்குறுணி. ஏற்றத்தாழ்வில் அடைக்கலம் புகுந்ததாகச் சொல்லப்படும் நாட்டில், கடன் பெறும் உரிமை வாய்த்தவர்களுக்குள்ளேனும் வட்டி ஒருபடித்தாக இருந்தது.

கடன் பெறும் உரிமை வாய்த்தவர்கள் என்ற வரையறையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தஞ்சை வட்டாரத்து ஆலங்குடிக் கல்வெட்டு ஒன்று, 1054ஐ ஒட்டியது எனக் கொள்ளப்படுவது, காலம் பொல்லாததாகி ஊரார் உணவுக்கும் விதைக்கும் வழியின்றி நின்றபோது கோயில் பண்டாரத்திலிருந்து பொன்னணிகளும் வெள்ளிக் கலங்களுமாக 1,011 கழஞ்சு பொன்னும் 464 பலம் வெள்ளியும் கடனாகக் கொண்ட செய்தியைச் சொல்கிறது. ஈடாக 8¾ வேலி நிலத்தைக் கோயிலுக்கு ஒதுக்கி, அதன் விளைவை வட்டிக்கு ஆக்கினார்கள். முதல் திரும்பவேண்டும் என்ற அவசரம் இங்கும் இல்லை. தெய்வத்தின் மேனியில் கிடந்த நகை ஊரார் வயிற்றுக்கு இறங்கி வந்தது. ஊர் ஊராகவே நிலைத்தது. பரிவர்த்தனை நிறைவுறாமல் நிற்பதே இவ்வேற்பாட்டின் குறிக்கோள் என்னும்போது, நிறைவுறாமையை ஒரு குறையாகக் காணும் கிரேபரின் இலக்கணத்தில் இதற்கு இடமில்லை. சமத்துவத்துக்குத் திரும்பும் வழியில் நிற்கும் கடனும் இதுவன்று. என்றைக்குமான தாழ்வாக உறைந்த அடுக்கும் இதுவன்று. சபை கடனாளியாகவும் தர்மகர்த்தாவாகவும் ஒரே சமயத்தில் நின்ற மூன்றாம் வகை இது என்றே கருதுகிறேன்.

இனித் திருப்பாம்புரத்துக்கு வருவோம். பேரளத்துக்கு அணித்தான அவ்வூர்ச் சிவன் கோயிலில் படியெடுக்கப்பட்டு, கல்வெட்டு இலாகாவின் 1911ஆம் ஆண்டுத் தொகுப்பில் 86ஆம் எண் பெற்ற சாசனம் ஒன்று, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது. நீலகண்ட சாஸ்திரியார் தம் ‘சோழர்கள்’ நூலில் இதனைச் சில வரிகளில் சொல்லிச் சென்றுவிட்டார். 1201இல் பஞ்சம் வந்து, காசுக்கு மூன்று நாழி நெல் விற்றபோது, வேளாளன் ஒருவன் தானும் தன் இரு பெண்மக்களுமாக 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான் என்பது செய்தி. காலத்தைப் பொறுத்தவரை, 1178ஐ அரசேற்ற ஆண்டாகக் கொண்டு எண்ணிய கணக்கு இது. ஓராண்டு முன்பின் ஆவதற்கு இடமுண்டு.

இச்செய்தியை எடுத்தாள்வோர் பலரும் சோழப் பேரரசின் இறங்குமுகத்துக்கு ஓர் அடையாளம் என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். கிரேபர் வழிநின்று படிப்பவர் எவரும் இதில் கடனடிமையைக் காண்பார். மடகாஸ்கரில் அடிமை மரபினரின் ஊரில் நெடுநாள் தங்கி ஆராய்ந்தவர் அவர். கடனை அடைக்க முடியாத தகப்பன் முதலில் ஆட்டை விற்று, பின் நிலத்தை விற்று, பிறகு மக்களை ஈடு வைத்து, கடைசியில் தன்னை விற்கும் படிகளைச் சுமேரியா தொடங்கி விவரித்தவர். திருப்பாம்புரத்து வேளாளனும் அப்படிகளில் இறங்கி வந்தவன்தானே என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். கல்வெட்டு இலாகாவின் ஆண்டறிக்கைச் சுருக்கத்திலும் சாஸ்திரியார் தரும் செய்தியிலும் கடன் என்ற பேச்சே தலைகாட்டவில்லை. கடன் கொடுத்தவன் இல்லை. தவறிய தவணை இல்லை. ஏறிய வட்டி இல்லை. நெல் விலை ஒன்றே காரணமாக நிற்கிறது.

அந்த விலையை வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். இதுவரை ஒருவரும் இக்கணக்கைப் போட்டதாக என் வாசிப்பில் அகப்படவில்லை. காசுக்கு 3 நாழியாக 110 காசுக்கு 330 நாழி, அதாவது 3 கலம், 5 குறுணி, 2 நாழி நெல். ஓர் ஆளின் ஒருநாள் உணவுக்கு எவ்வளவு நெல் என்பதற்கு முதலாம் ராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்லூரிச் சாசனம் நல்ல அளவுகோல்: அங்கே இளநிலை மாணாக்கர் 270 பேருக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி, மேல்நிலை மாணாக்கர் 70 பேருக்கு ஆளுக்கு 1 குறுணி 2 நாழி. குறைந்த அளவையே கொண்டாலும் மூவருக்கு நாள்தோறும் 18 நாழி வேண்டும். 330 நாழி பதினெட்டு நாளைக்குச் சற்று மேலாக வரும். பஞ்சகாலத்தில் பாதி வயிறு உண்டார்கள் என்றாலும் நாற்பது நாளைத் தாண்டாது. மூன்று ஆயுட்காலங்களின் விலை ஒரு மாத நெல்லா?

ராஜராஜன் காலத்துக் காசுக்கு 192 நாழி நெல் வந்தது என்பதோடு இதை ஒப்பிட்டு, விலை அறுபத்துநான்கு மடங்கு ஏறிவிட்டது என்று சொல்வது பிழையாகும். இருநூறு ஆண்டுகளில் காசின் மாற்றும் எடையும் தாழ்ந்துவிட்டன; மூன்றாம் குலோத்துங்கனின் காசு ராஜராஜனின் காசன்று. ஆனால் என் கணக்கு ராஜராஜனின் காசை நாடவில்லை. விற்ற விலையும் நெல் விலையும் ஒரே கல்லில், ஒரே காசில் இருப்பதால், காசின் மதிப்பு எதுவாயினும் 330 நாழி என்ற விடை மாறாது. நாழியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கலாம் என்ற ஒரே ஐயம் மீந்து நிற்கிறது. அதற்கும் இடம் கொடுத்து இருமடங்காக்கினாலும் மூவரும் அடுத்த அறுவடை காண்பது அரிது.

ஆகவே 110 காசை விலை எனக் கொள்வதில் பொருளில்லை. ஆவணத்துக்கு ஒரு தொகை வேண்டும், தொகையின்றி விற்பனை செல்லாது, அத்தொகை எழுதப்பட்டது. அந்த வேளாளன் உண்மையில் பெற்றது, தன்னையும் தன் பெண்மக்களையும் நாளையும் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊட்டவேண்டிய கடமையைக் கோயிலின் தலையில் ஏற்றிய உரிமை. இது என் ஊகம் என்பதை மறைக்கவில்லை. 110 காசைக்கொண்டு அவன் பழைய கடன் எதையோ தீர்த்திருக்கக்கூடும், அப்படியாயின் கிரேபர் சொல்வதே சரியாகிவிடும் என்றும் எதிர்வாதம் செய்யலாம். ஆனால் கடன் தீர்க்க விற்றவன் நெல் விலையைக் கல்லில் வெட்டச் சொல்ல வேண்டிய நியாயம் என்ன? விலை சொல்லப்பட்டது பசியைச் சொல்லத்தான். பசிக்கு விற்றவன் மூன்று வார நெல்லோடு நின்றிருக்கமாட்டான்.

இதில் இரக்கத்தைத் தேடிக் கோயிலைப் புகழ முற்படுவோருக்கு நான் துணைபோக மாட்டேன். விற்றவன் மீளமுடியாது, அவன் பெண்மக்கள் தம் விருப்பத்தைச் சொன்னதாகச் செய்தி இல்லை. அடிமைத்தனம் வழிவழியாகத் தொடர்ந்த ஏற்பாடுகள் அக்காலத்தில் இருந்தன. நான் சுட்ட விரும்புவது வேறு. ஆலங்குடியில் பொல்லாத காலம் வந்தபோது ஊர் கடன் பட்டது. நிலம் இருந்தது, சபை இருந்தது, ஆவணத்தில் கையெழுத்திடும் அந்தஸ்து இருந்தது. திருப்பாம்புரத்தில் தனியொரு குடும்பம் அகப்பட்டுக்கொண்டபோது அதற்குக் கடன் கொடுப்பார் இல்லை. கோயிற் பண்டாரம் ஊர்களுக்கு மீளாக் கடன் கொடுத்துப் பழகியது. சபையின் பின்பலமற்ற ஒருவனோடு அதே பண்டாரம் செய்துகொள்ளத் தெரிந்த ஒப்பந்தம் விற்பனை ஒன்றே. மேலும், விற்றுக்கொண்டவன் வேளாளன். சாதியடுக்கின் அடியில் கிடந்தவனல்லன். உழுவித்து உண்போரும் உழுது உண்போரும் கலந்த ஒரு வகுப்பினன். அடுக்கு அவனுக்கு அடைக்கலம் தந்திருக்குமானால் அவன் அதிலிருந்து வழுக்கி விழுந்திருக்கமாட்டான்.

இச்சாசனத்துக்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அதில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வரும் இறைவன் கிழவேதியராகத் திருமணப் பந்தலில் நுழைந்து, பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலையைக் காட்டி, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்காடி வெல்கிறார். சுந்தரர் கடனாளி என்று அவர் சொல்லவில்லை; வழிவழி அடிமை என்கிறார். மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்ற வைதிகக் கருத்தைச் சில பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் அரசு வரியின் மூலமாக ஆக்கியதைக் கிரேபர் வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனம் முற்றும் நியாயமானது. அதற்குச் சைவத் தமிழ் ஒரு துணைச் சான்றே தருகிறது. இங்கே பக்தியின் பரிபாஷை கடனிலிருந்து எடுக்கப்படாமல் அடிமையோலையிலிருந்து எடுக்கப்பட்டது. ஓலை, சாட்சி, கையெழுத்து ஒப்பு நோக்கல், சபையின் தீர்ப்பு என்ற நடைமுறை கேட்போர்க்கெல்லாம் பழக்கமாயிருந்தாலன்றிச் சேக்கிழார் அதை அவ்வளவு விரிவாக நடத்திக் காட்டியிருக்க முடியாது. கடனும் அடிமையும் ஒரே ஏணியின் மேற்படியும் கீழ்ப்படியும் என்ற எண்ணம் அம்மக்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

வங்காள நண்பர்கள் எழுப்பிய கேள்வி இவ்விடத்தில் பொருந்தி வருகிறது. கிரேபர் 2020 செப்டம்பரில் மறைந்தபின், டேவிட் வென்குரோவுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘யாவற்றின் உதயம்’ 2021இல் வெளிவந்தது. ஏற்றத்தாழ்வு எப்போது தோன்றிற்று என்ற பழைய கேள்வியையே அந்நூல் தள்ளிவிட்டு, மனிதர் மூன்று சுதந்திரங்களை எவ்வாறு இழந்தனர் என்று கேட்கிறது: இருந்த இடத்தை விட்டு அகலும் சுதந்திரம், ஆணைக்குக் கீழ்ப்படியாத சுதந்திரம், சமூக உறவுகளைப் புதிதாக வகுத்துக்கொள்ளும் சுதந்திரம். அகலும் சுதந்திரத்துக்கு, போய்ச் சேரும் இடத்தில் வரவேற்பார் இருக்கவேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லத் தவறவில்லை. 1943இல் 24 பர்கனாவின் கிராமங்களிலிருந்து கல்கத்தாவை நோக்கி நடந்தும் ரயிலேறியும் வந்தவர்கள் அகன்றவர்கள்தாம், வரவேற்பார் இல்லை. கல்கத்தாப் பல்கலைக்கழக மானுடவியலாளர் தாரக் சந்திர தாஸ் தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு, இந்நகரத் தெருக்களில் கிடந்த அவர்களைக் குடும்பம் குடும்பமாக விசாரித்து 1949இல் வெளியிட்ட நூல், பசி எவ்வாறு கணவனையும் மனைவியையும் பிரித்தது, குடும்பம் என்ற அமைப்பு எந்தக் கட்டத்தில் அறுந்தது என்பதைக் காட்டும் அரிய ஆவணம். உலக மானுடவியல் அதனைப் போதிய அளவு போற்றவில்லை என்பது என் வருத்தம்.

அப்பஞ்சத்துக்கு முன் நடந்தது என்ன? 1930இன் விலை வீழ்ச்சியோடு மகாஜனர் எனப்பட்ட வட்டிக்குக் கொடுப்போரின் கடன் கிழக்கு வங்காளக் கிராமங்களில் வற்றத் தொடங்கிற்று. 1935ஆம் ஆண்டு விவசாயக் கடனாளிச் சட்டத்தின் கீழ் அமைந்த சமரச வாரியங்கள் பழைய பாக்கிகளைக் குறைத்தன. புதிய கடன் கொடுப்பார் மேலும் ஒதுங்கினர். கடன் உறவு அறுந்ததே குடியானவனை நிலச் சந்தையின் முன் கொண்டு நிறுத்திற்று என்று சுகதா போஸ் 1986இல் விரிவாக வாதித்திருக்கிறார். மகலனோபிஸ், ராமகிருஷ்ண முகர்ஜி, அம்பிகா கோஷ் மூவரும் 1946இல் வெளியிட்ட மாதிரி ஆய்வின்படி, பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 குடும்பங்கள் தம் நெல் நிலம் முழுவதையும் இழந்தன. கடன் சுமை குறைந்திருந்த ஆண்டுகளில் இது நடந்தது. மகாஜனனின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவன் விலகியபின் அவ்விடத்தில் அரசோ கோயிலோ கூட்டுறவுச் சங்கமோ வந்து அமரவில்லை என்பதே சொல்லவேண்டுவது. திருப்பாம்புரத்திலும் வங்காளத்திலும் கடன் கிடைக்காத இடத்தில்தான் விற்பனை தொடங்கிற்று.

இந்த விதி எங்கும் செல்லும் என்று நான் சொல்லத் துணியவில்லை. பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கடன் இதற்கு நேர்மாறான சான்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த அவர்களின் நில உடைமை, விலை வீழ்ச்சிக்குப் பின் 1930களின் இறுதியில் நூற்றுக்கு 25 ஆயிற்று. அங்கே கடனே நிலத்தைக் கொண்டுபோயிற்று. கிரேபரின் விதி அங்கே செவ்வையாகப் பொருந்துகிறது. திரும்பவேண்டிய முதலுக்கும் திரும்ப வேண்டாத முதலுக்கும் உள்ள பேதத்தை அவர் விதி கணக்கில் கொள்ளவில்லை என்பதே என் குறை.

திருப்பாம்புரத்துச் சாசனத்தின் பொருளை இதுகாறும் சில வரிச் சுருக்கத்தைக் கொண்டே எல்லாரும் பேசி வந்திருக்கிறோம். நானும் அச்சுருக்கத்தின் மேலேயே என் வாதத்தைக் கட்டியிருக்கிறேன். பேரளம், நன்னிலம், கும்பகோணம் பக்கத்து அன்பர்களில் கல்லெழுத்துப் பயிற்சி உடையோர் அக்கோயிலுக்குச் சென்று கல்லையே படித்து, பழைய மைப்படியோடு ஒப்பிட்டு, மூலபாடத்தை முழுமையாக அச்சிட வேண்டுகிறேன். மூன்று இடங்களைக் குறிப்பாகப் பார்க்கவேண்டும்: 110 காசு யார் கையில் கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது; வேளாளனுக்கு நிலமோ பாக்கியோ இருந்ததாகக் குறிப்பு உண்டா; அவன் வழியினரும் கட்டுப்பட்டவர்களா. பாக்கி இருந்ததாக ஒரு சொல் அகப்பட்டாலும், இக்கட்டுரையின் பிற்பகுதியை நான் திரும்ப எழுதவேண்டி வரும்.